வலையமைப்புக் கோப்பு முறைமையும் அதன் இடையறாமையும்

ஒரு சேவையகத்தில் உள்ள கோப்புக்களைப் பல கணினிகள் தம்முடையன போலப் பயன்படுத்தும் வழக்கம் இன்று யாவரும் அறிந்ததொன்று. இதற்கு வழிவகுத்தவற்றுள் தலையாயது, அந்நாளிலே புகழுடன் விளங்கிய சன் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய வலையமைப்புக் கோப்பு முறைமையாகும். என்.எப்.எஸ். என வழங்கும் இதனை, சாண்ட்பேர்க்கும் அவர்தம் தோழரும் 1985ஆம் ஆண்டு யூசெனிக்ஸ் மாநாட்டிலே விளக்கினர்.

அவர்கள் கொண்ட துணிபு வியப்பிற்குரியது. சேவையகம் எதனையும் நினைவில் வைத்திருத்தல் வேண்டா என்பதே அது. எவர் எக்கோப்பைத் திறந்தார், எதுவரை வாசித்தார் என்னுங் கணக்கு அதனிடம் இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் கோப்பின் அடையாளம், இடம், அளவு ஆகியவற்றைத் தானே தாங்கிவரும். ஆதலின் சேவையகம் வீழ்ந்து மீண்டெழுமாயின், கேட்ட கணினி விடை கிடைக்கும்வரை அதே வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பினாற் போதும். மறதியே ஈண்டு வலிமையாயிற்று.

ஆயின், வீழ்ந்த சேவையகம் எழாவிடின் செய்வது யாது? 1991ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வாளராகிய பீடே, எல்னொசாகி, மோர்கன் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். இரு சேவையகங்கள், இரண்டிற்கும் இணைப்புள்ள வட்டுக்கள். ஒன்று வீழ்ந்தால், மற்றையது அதன் வட்டுக்களையும் வலை முகவரியையும் ஏற்றுக்கொள்ளும். கேட்ட கணினியோ சேவையகம் சற்றுத் தாமதிக்கின்றது என்றே எண்ணியிருக்கும். இன்றைய கொத்தணிகள் யாவும் பெரும்பாலும் இவ்வழியே செல்வன.

சொல்வதற்கு எளிதாயினும் இதிலே நுட்பங்கள் பல. கோப்பின் அடையாளத்துள் கோப்பு முறைமையின் எண்ணும் அடங்கும். அவ்வெண் இரு பொறிகளிலும் ஒன்றாக இல்லையெனிற் பழைய அடையாளங்கள் செல்லாக்காசாகிவிடும். ஒழுங்குமுறையும் முக்கியமானது: முதலில் வட்டு, அடுத்துப் பகிர்வு, ஈற்றிலேயே முகவரி. முகவரி முந்திக்கொண்டால், வரும் வேண்டுகோள்கள் வெற்றிடத்தைக் கண்டு பிழையுடன் மீளும். அநுபவமுள்ளோரும் இவ்விடத்தில் இடறுவதுண்டு.

மறதிக்கு அடங்காத பொருள் கோப்புப் பூட்டு ஆகும். ஒருவர் பூட்டியதை மறந்த சேவையகம் பிறிதொருவர்க்கு அதனைத் திறந்துவிடும். எனவே பூட்டுக்களைப் பேண வேறொரு நெறிமுறை முதற்பதிப்புக்களின் அருகே ஒட்டவைக்கப்பட்டது, அவ்வொட்டு அழகியதன்று. 2000ஆம் ஆண்டில் வரையப்பெற்று 2003இல் திருத்தப்பெற்ற நான்காம் பதிப்பு, பூட்டை நெறிமுறையின் உள்ளேயே கொணர்ந்து, அதற்குத் தவணையும் விதித்தது. மீண்டெழுந்த சேவையகம் சிறிது காலம் புதிய பூட்டெதனையும் வழங்காது, பழையோர் தம்முடையதை மீளக்கோர இடந்தரும். லினக்சிலே இக்காலம் வழமையாக 90 செக்கன். முகவரி சில செக்கன்களில் மாறினும், பூட்டு வேண்டுவோர் காத்திருத்தல் வேண்டும்.

பொது வட்டு வாங்க இயலாதோர்க்கு, வட்டின் உள்ளடக்கத்தை வலைவழியே மற்றைய பொறியிற் பிரதிசெய்யும் டி.ஆர்.பி.டி. என்னும் மென்பொருள் துணையாயிற்று. 2010இல் அது லினக்சுக் கருவிலேயே சேர்க்கப்பட்டது. எனினும், இரு பொறிகளுக்கிடையே தொடர்பு அறுந்து, இரண்டும் தாமே தலைவரென எழுதத் தொடங்குமாயின், பலருடைய ஆண்டுக்கணக்கான உழைப்புச் சிதைந்துபோகும். சேவை சற்று நின்றுபோதலினும் இது கொடிது. எனவே, ஐயத்திற்குரிய பொறியின் மின்னிணைப்பைத் துண்டித்து, அத்துண்டிப்பு உறுதியான பின்னரே மற்றையது பணியை ஏற்கும். இம்முறைக்கு அத்துறையினர் இட்ட பெயரின் விரிவு, ‘மற்றையதன் தலையிற் சுடுக’ என்பதாம்.