இங்கிலாந்தில் உள்ளாட்சி வரி நிலுவை: ஜப்திக்கு வருவோரின் அதிகாரம் எதுவரை?

புதுதில்லி: உயர்கல்விக்கும் வேலைக்கும் இங்கிலாந்து செல்லும் இந்தியர்கள் அங்கு எதிர்கொள்ளும் முக்கியச் செலவுகளில் ஒன்று ‘கவுன்சில் டாக்ஸ்’ எனப்படும் உள்ளாட்சி வரி. 1993-ஆம் ஆண்டு முதல் விதிக்கப்படும் இவ்வரியைப் பொதுவாக வீட்டில் குடியிருப்பவரே, அவர் வாடகைதாரராக இருந்தாலும், செலுத்த வேண்டும்.

முழுநேர மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்கு முழு விலக்கு உண்டு. எனினும், கல்வி நிறுவனத்தின் சான்று உள்ளாட்சி மன்றத்துக்குச் சென்று சேராவிடில் வரிக் கோரிக்கை வரக்கூடும்.

நிலுவை வளரும் விதம்

தவணை தவறினால் முதலில் நினைவூட்டல் கடிதம் வரும். அதன் பின்னரும் செலுத்தாவிடில், அந்த ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதையும் மன்றம் கோரும். அடுத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொறுப்பு உத்தரவு பெறப்படும். அதற்கான செலவும் கடனில் சேரும். இந்த உத்தரவுக்குப் பின்னரே ஊதியப் பிடித்தமோ, ஜப்தி நடவடிக்கையோ தொடங்க இயலும்.

ஜப்திக்கு வருவோர் ‘பெய்லிஃப்’ என்று அழைக்கப்படுகின்றனர். சட்டம் இவர்களை அமலாக்க முகவர்கள் என்கிறது. நம் நீதிமன்ற அமீனாக்களைப் போலன்றி, இவர்களில் பலர் தனியார் நிறுவன ஊழியர்கள். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில், இவர்களிடம் வழக்கு சென்றதும் 75 பவுண்டும், நேரில் வந்தால் மேலும் 235 பவுண்டும் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டன.

வாசலில் என்ன உரிமை?

நேரில் வருவதற்கு முன் எழுத்துமூலம் அறிவிப்பு அளிக்க வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையே பொதுவாக வர இயலும். உள்ளாட்சி வரிக்காக முதன்முறை வரும்போது கதவை உடைக்கவோ, தள்ளிக்கொண்டு நுழையவோ அதிகாரம் இல்லை. அடையாள அட்டையையும் அனுமதி ஆவணத்தையும் காட்டுமாறு கோரலாம். கதவைத் திறக்காமலேயே பேசலாம்.

அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, படுக்கை போன்ற அடிப்படைத் தேவைப் பொருள்களையும், உடன் வசிக்கும் பிறருக்கு உரிய பொருள்களையும் எடுக்க இயலாது. ஆனால் கடனாளிக்குச் சொந்தமான வாகனம் வெளியே நின்றிருந்தால் அதைக் கைப்பற்றலாம். உள்ளே அனுமதித்து, பொருள்களைப் பட்டியலிட்ட தவணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் அதை மீறினால், அடுத்த முறை வலுவில் நுழையவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

செய்ய வேண்டியவை

வரி விலக்குப் பெறத் தகுதியுள்ளவர்கள் சான்றினை மன்றத்துக்கு அனுப்பி, நடவடிக்கையை நிறுத்துமாறு எழுத்துமூலம் கோரலாம். தனியாக வசிப்பவர்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால், 2021 மே மாதம் அறிமுகமான திட்டத்தின் கீழ் 60 நாள் அவகாசம் கிடைக்கக்கூடும். அக்காலத்தில் ஜப்தி நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படும்.

ஒவ்வொரு கட்டத்திலும் செலவு கூடுவதால், முதல் நினைவூட்டல் வந்தவுடனேயே மன்றத்தைத் தொடர்புகொண்டு தவணை கோருவதே குறைந்த செலவில் முடியும் வழியாகும்.