வழவழப்பாக ஒரு சந்தேகம்!

உத்தரமேரூர் என்றதும் நமக்கெல்லாம் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும். பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921... யாரை நம்பி ஊர்ப் பொறுப்பை ஒப்படைக்கலாம், யாரை நம்பவே கூடாது என்று கல்லிலே வெட்டி வைத்த ஊர். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனா? அவன் பெயரைக் குடத்துக்குள் போடாதே! அவன் சொந்தக்காரன் பெயரையும் போடாதே! அவ்வளவு கறார்.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவதும் ஒரு நம்பிக்கை, அவநம்பிக்கைக் கதைதான். ஆனால், இது எழுதப்பட்டது கல்லில் அல்ல. துப்பாக்கிக் குழலுக்குள்!

உத்தரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்கே வளர்ந்தவராக இருந்தாலும், கொஞ்சம் வயசானவர் என்றால் அந்த நீளத் துப்பாக்கியைப் பார்த்திருப்பார். நரிக்குறவர்களின் தோளில் தொங்கும். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து, அப்புறம் சுடவேண்டும். அதன் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். உள்ளூர்க் கொல்லர் பட்டறையில் செய்தது அப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை. உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டுவது அத்தனை சிரமமான வேலை.

ஆனால், அருமையாக வெட்டப்பட்ட பள்ளத்தை மெனக்கெட்டு அழித்து, குழலை வழவழப்பாக்கிய கதை ஒன்று இருக்கிறது. செய்தது, அன்றைய தேதியில் உலகின் மாபெரும் சாம்ராஜ்யம்!

பம்பரம் ஏன் விழாமல் நிற்கிறது? சுழல்வதால். துப்பாக்கிக் குண்டும் அப்படித்தான். குழலுக்குள் திருகு போல வளைந்து போகும் பள்ளங்கள் இருந்தால், குண்டு சுழன்றபடி வெளியேறி நேர்கோட்டில் பறக்கும். இந்தப் பள்ளம் வெட்டிய துப்பாக்கிதான் ரைஃபிள். பள்ளம் இல்லாத பழைய மஸ்கட்டை வைத்துக்கொண்டு 100 கெஜத்தைத் தாண்டி ஓர் ஆளைக் குறிபார்த்துச் சுடுவதென்பது கிட்டத்தட்ட லாட்டரி. 1853-ம் வருட மாடல் என்ஃபீல்ட் ரைஃபிளிலோ 900 கெஜத்துக்குக் குறி அளவு போட்டிருந்தார்கள்! துளையின் விட்டம் 0.577 அங்குலம். உள்ளே மூன்றே மூன்று சுருள் பள்ளம். அந்த மூன்று கோடுகள்தான் இத்தனை வித்தியாசத்துக்கும் காரணம்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. குண்டு பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கவேண்டும். அதேசமயம் வாய் வழியாகச் சிக்காமல் உள்ளேயும் இறங்கவேண்டும். என்ன வழி? தோட்டாவின் காகித உறையில் கொழுப்பைத் தடவினார்கள். சிப்பாய் அந்த உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டவேண்டும்.

மீதிக் கதை உங்களுக்கே தெரியும். 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் வதந்தி கிளம்பியது. பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு! 'நெய்யோ மெழுகோ, நீங்களே தடவிக்கொள்ளுங்கள்' என்று அதிகாரிகள் இறங்கிவந்து பார்த்தார்கள். ம்ஹூம்... சந்தேகம் தீரவில்லை. மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை உயர்த்தினார். மே 10-ல் மீரட் வெடித்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. எந்த ரைஃபிளின் தோட்டாவால் கலகம் பற்றிக்கொண்டதோ, அந்த ரைஃபிள் பெரும்பாலான சிப்பாய்களின் கைக்கு வந்துசேரவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பழைய மஸ்கட்டுகளோடுதான் போராடினார்கள். எதிரே வந்த பிரிட்டிஷ் படைகளிடம் என்ஃபீல்ட் இருந்தது. ஒரு தரப்பின் குண்டு போய்ச் சேராத தூரத்திலிருந்து இன்னொரு தரப்பு சுட்டது. விளைவை விவரிக்கவும் வேண்டுமா?

கலகம் அடங்கியது. ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணியின் கைக்கு மாறியது. ஆனால், பயம் போகவில்லை. ராணுவத்தைச் சீரமைக்க ஒரு கமிஷன் உட்கார்ந்தது. வங்காளத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாய்க்கு இரண்டு இந்தியச் சிப்பாய், சென்னையிலும் பம்பாயிலும் ஒன்றுக்கு மூன்று. அதற்கு மேல் கூடாது என்றது. பீரங்கிகளை, மலைப்படைகளில் இருந்த சிலவற்றைத் தவிர, இந்தியர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 1857-ல் சென்னை ராணுவம் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருந்தது. அதற்காகக் கிடைத்த சலுகை, அந்த ஒற்றை எண் வித்தியாசம்!

அடுத்த கேள்வி, சிப்பாய் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது? ரைஃபிள் கொடுத்தால் நாளைக்கு நம் பக்கமே திருப்புவான். கொடுக்காவிட்டால் காவலுக்கு யார் நிற்பது?

யாரோ ஒரு மூளைக்காரர் வழி கண்டுபிடித்தார். என்ஃபீல்ட் குழலை எடு. லேத் பட்டறையில் நாம் பார்ப்பது போலத் துளைக்கருவியைச் சுழலவிட்டு, உள்ளே இருக்கும் மூன்று பள்ளங்களையும் வழித்து எடுத்துவிடு. தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் குறிப்பலகையைக் கழற்றிவிட்டு, அசையாத குறி ஒன்றைப் பொருத்து. முடிந்தது! இதுதான் 1858-ம் வருட மாடல் மஸ்கட். இந்தியப் படைகளுக்கென்றே தயாரான ஸ்பெஷல்.

இரும்பு சும்மா இருக்குமா? 0.577 அங்குலத் துளை 0.65 அங்குலத்துக்கு அகன்றபோது, குழலின் சுவரில் சுற்றிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் காணாமல்போனது. மெலிந்த குழல்கள் புடைத்துக்கொண்டன. ஆக, சுடுகிறவனுக்கே தலைவலி! அடுத்த வருடமே, 1859-ல், சுவரைத் தடிமனாக்கிப் புது மாடல் கொண்டுவந்தார்கள். தவறைத் திருத்திக்கொண்டார்கள்தான். ஆனால், வழவழப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அதன்பின் இதுவே வழக்கமானது. வெள்ளை வீரருக்கு மார்ட்டினி ஹென்றி வந்தபிறகு இந்தியருக்கு ஸ்னைடர். அவருக்கு லீ மெட்ஃபோர்ட் வந்தபிறகு இவருக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு படி கீழே! 1878-ல் வந்த ஆயுதச் சட்டமோ, சாதாரண இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு.

இருபதாம் நூற்றாண்டிலும் துளைக்கருவி ஓயவில்லை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 0.303 ரைஃபிள்களின் பள்ளங்களை வழித்து, '410 மஸ்கட்' ஆக்கினார்கள். போலீஸ்காரர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். ராணுவத்தின் 0.303 தோட்டா அதற்குச் சேராது. யாராவது பறித்துக்கொண்டு போனாலும் பெரிய பிரயோஜனம் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் நம் போலீஸ் கையில் அந்த மஸ்கட் இருந்தது.

இன்றைய விவசாயிக்கு வருவோம். பன்றி வயலில் இறங்குகிறது. பயிரைக் காப்பாற்றவேண்டும். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் புரட்டினால், பயிர்ப் பாதுகாப்புக்கு அது சொல்வது வாய் வழியாக மருந்திடும் துப்பாக்கியை. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் சொல்வது, 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே பள்ளமில்லாத குழலை. நியாயம் இருக்கிறது. வெகுதூரம் பாயும் குண்டு ஊருக்குள் ஆபத்துதான். ஆனாலும், குடிமகனின் குழல் வழவழப்பாக இருக்கட்டும் என்ற அந்த எண்ணம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

உத்தரமேரூர்க்காரர்கள் தங்கள் சந்தேகத்தை ஊரறியக் கல்லில் வெட்டினார்கள். யாரை நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று படிக்கத் தெரிந்தவர் எவரும் படித்துக்கொள்ளலாம். 1859-ம் வருடத் துப்பாக்கி அப்படியல்ல. வெளியிலிருந்து பார்த்தால் அசல் என்ஃபீல்ட் போலவே இருக்கும். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அணிவகுப்பில் நின்ற சிப்பாய், குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், தன் எஜமானர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது!