குறி, குறம், குறவஞ்சி

அரக்கோணத்தை நடுவில் வைத்துப் பார்த்தால், இரண்டு தெய்வத் திருமணக் கதைகள் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும். மேற்கே வள்ளிமலை. குறவர் தலைவன் நம்பிராசன் வளர்த்த வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று ஊரார் அதைக் காட்டுவார்கள். அவளை மணந்த முருகன் அழைத்துவந்து அமர்ந்த மலை அரக்கோணத்துக்குப் பக்கத்திலுள்ள திருத்தணி என்கிறது கந்தபுராணம். வடக்கே நகரி, புத்தூர் தாண்டினால் நாராயணவனம். ஆகாசராசன் மகள் பத்மாவதியை அடைய வேங்கடவன் பெண்வேடம் பூண்டு, தெலுங்கு நாட்டுக் குறவரான எருகலர் குலத்துக் குறிகாரியாக அரண்மனைக்குள் நுழைந்தது அங்கேதான் என்பது தலபுராணம். ஒரு கதையில் கடவுள் குறமகளை மணக்கிறான். மற்றதில் கடவுளே குறத்தியாகிறான். ‘குறவஞ்சி’ என்ற சொல்லின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் தஞ்சைக்கும் குற்றாலத்துக்கும் போவதற்கு முன் இந்த வட எல்லையில் சற்று நிற்க வேண்டும்.

சொல்லைவிடப் பொருள் மூத்தது. குறி சொல்லும் பெண் சங்கப் பாட்டிலேயே இருக்கிறாள். அங்கே அவள் பெயர் அகவன்மகள். ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டில் அவள் தலைவனுடைய குன்றைப் பாடுகிறாள். அந்தக் குன்றை இன்னொரு முறை பாடச் சொல்லித் தோழி தூண்டிவிடுகிறாள், உண்மை வெளியே வந்துவிடுகிறது. அதே அகப்பாட்டு உலகில் வேலன் என்ற ஆண் பூசாரியும் வெறியாடி நோய்க்குக் காரணம் சொல்வான். ஆனால் அவன் முருகனைக் காரணம் காட்டும்போது தோழிக்கும் தலைவிக்கும் அது பொய் என்று தெரியும். பிற்பாடு வந்த பெயர் கட்டுவிச்சி. சுளகில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி பார்ப்பவள். திருமங்கையாழ்வார் சிறிய திருமடலில் அவளைக் கொண்டுவந்து, பெண்ணின் நோய்க்குக் காரணம் திருமால் என்று சொல்ல வைக்கிறார். இந்த இரண்டு பெயர்களும் தொழிலால் வந்தவை. குலத்தைச் சுட்டவில்லை.

குலப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது ‘குறம்’ என்ற சொல்லில்தான். கலம்பகத்தின் பதினெட்டு உறுப்புகளில் அது ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் அதைப் பிரித்தெடுத்து மீனாட்சியம்மை குறம் என்று தனி நூலாக்கினார். பிறகு கதையும் ஆட்டமும் சேர்ந்து குறவஞ்சி ஆயிற்று. வஞ்சி என்றால் கொடி, கொடி போன்ற பெண் என்பது நம் வழக்கு. தெலுங்கு ஆய்வாளர்களில் ஒரு சாரார் ‘அஞ்செ’ என்ற ஆட்ட அடிவைப்பை அதில் காண்கிறார்கள். எனக்கு முதல் விளக்கமே பொருந்துகிறது. நாடகம் முழுவதையும் தாங்குகிறவள் அந்தப் பெண்தான்.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாருங்கள். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாகக் கொடுத்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. தலைவி வசந்தவல்லி பந்தாடுகிறாள், குற்றாலநாதர் உலா வரக் கண்டு மயங்குகிறாள், நிலவைத் திட்டுகிறாள். இதெல்லாம் பழைய உலா மரபு. குறத்தி வந்த பிறகுதான் நூலுக்கு உயிர் வருகிறது. தன் மலைவளம் சொல்கிறாள், குலப்பெருமை பேசுகிறாள். முருகனுக்கு வள்ளியைக் கொடுத்தபோது எங்கள் மலைகளை எல்லாம் சீதனமாகக் கொடுத்துவிட்டோம் என்கிறாள். இந்த ஓரிடத்தை அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து படித்தால் அதன் கனம் தெரியும். அவள் கணக்குப்படி தணிகை மலையும் முருகனுக்குப் பெண்வீட்டார் கொடுத்தது. கடைசியில் அவளைத் தேடி அலைந்த கணவன் சிங்கன் வந்து, காலிலும் கையிலும் இதெல்லாம் என்ன என்று நகை நகையாகக் கேட்கிறான். ஊர் ஊராகக் குறி சொல்லி வாங்கியது என்று அவள் பதில் சொல்லிக்கொண்டே போகிறாள். அவன் வலையில் பறவை படவில்லை. சம்பாதித்து வந்தவள் அவள்.

இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் குறவஞ்சியை 18-ஆம் நூற்றாண்டுச் சமூகத்தோடு சேர்த்துப் படித்தார்கள். பாளையக்காரர்கள், கோயில்கள், இடம்பெயர்ந்து வாழ்ந்த மலைமக்கள் என எல்லாம் ஒரே மேடையில் வந்ததை அவர்கள் காட்டினார்கள். பக்தி நூல் என்று கும்பிட்டு நகர்வதைவிட இது நல்ல வழி. ஆனால் நூலில் கேட்கும் பெண்குரல் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. இங்கிலாந்துக் கவிதையிலும் அது எழுந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் டன் இறைவன் முன் தன்னைப் பெண்ணாக வைத்துப் பாடினார். அவர் காலத்திலேயே, 1611-இல், எமிலியா லான்யர் என்ற பெண் ஏசுவின் பாடுகளைப் பெண்கள் பக்கம் நின்று பாடி அச்சிட்டார். ஆண் எடுத்துக்கொள்ளும் பெண்குரலும் பெண்ணின் சொந்தக் குரலும் ஒன்றல்ல என்பதை அந்த இருவரையும் அடுத்தடுத்துப் படித்தால் உணரலாம். நமக்குக் கிடைக்கும் பெயர்பெற்ற குறவஞ்சிகளைப் பாடியவர்கள் ஆண்கள், ஆடியவர்கள் தேவதாசிகள். பெண்ணின் சொந்தக் குரலும் இங்கே இல்லாமல் இல்லை. தஞ்சை அரசவையில் முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் பாடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதைப் பதிப்பித்தபோது ஆங்கில அரசு தடை செய்தது.

குறவஞ்சி என்ற சொல் மதம் தாண்டியும் போயிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தலைவன் கிறிஸ்துவாக மாறினாலும் குறி சொல்கிறவளை அவரால் விட முடியவில்லை.

அந்தப் பெயருக்கு உரிய மக்களின் கதை வேறு. 1911-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. குறவர்களும் எருகலரும் அதன் பட்டியலில் ஏறினார்கள். ஊர்விட்டு ஊர் போவதற்குக் காவல்துறையிடம் சொல்ல வேண்டியிருந்தது. மலைமலையாய், ஊர்ஊராய்ப் போய்க் குறி சொன்னேன் என்று நூலில் பெருமை பேசிய பெண்ணின் பேத்திகளுக்கு நடமாட்டமே குற்றமானது. 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியபோதும் நாட்டில் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆயிற்று. குறவஞ்சி ஆய்வு என்று எழுதப்படும் நூல்களில் பா வகையும் சந்தமும் பக்கம் பக்கமாக வருகின்றன. இந்தச் சட்டத்துக்கும் அவற்றில் ஓர் அதிகாரம் வேண்டும்.