தோரணப் பின்னல் (கெடா)

தென்னங்குருத்தோலையைக் கீறி, மடித்து, பின்னிக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடும் தமிழர் கைவினை. பசையோ ஊசியோ வேண்டாம். கத்தி ஒன்றே கருவி. மங்கலத் தோரணத்தில் குருவி வடிவங்கள் மேல்நோக்கியும், துக்க வீட்டுத் தோரணத்தில் கீழ்நோக்கியும் அமையும். மங்கல நிகழ்வுகளில் இடையிடையே மாவிலை செருகுவர். ஓரிரு நாளில் ஓலை வாடிவிடுவதால் எஞ்சுவது பொருளன்று, கைப்பழக்கமே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று மலேசிய மாநிலமான கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, ஆள்சேர்த்த கங்காணிகள் வழி வந்த தமிழ்த் தொழிலாளர் இதனைக் கொண்டுவந்தனர். பீடோங், பாடாங் செராய், கூலிம், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஆண்கள் கூடிப் பின்னினர்; சிறுவர் பார்த்தே கற்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டபின் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தன. அடுக்குமாடி வீட்டைச் சுற்றித் தென்னை இல்லை. நெகிழி, துணித் தோரணங்கள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன.

இன்று கோயில் திருப்பணிகளும், தமிழ்ப்பள்ளிகளின் பொங்கல், தீபாவளிப் போட்டிகளும் இக்கலையைத் தாங்குகின்றன. ஓலையில் கெத்துப்பாட் (அரிசி வேகவைக்கும் கூடு) பின்னும் மலாய் வழக்கமும் இதைப் போன்றதே. இத்தகைய கலையைக் காக்க முன்மாதிரி உண்டு: ஜப்பான் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொருளோடு கைத்திறனையும் பண்பாட்டுச் சொத்தாகக் காக்கிறது. வாடும் ஓலைக்குப் பொருந்தும் முறை அதுவே. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டமும் தொட்டுணர முடியாத மரபுகளை ஏற்கிறது. ஆண்டுக்கொரு போட்டி மட்டும் போதாது. முதிய பின்னல்காரர்களிடம் இளையோர் தொடர்ந்து பயில வகைசெய்வது உடனடித் தேவை.