இரு கரத்தார் கேட்ட கேள்வி

மதீனாப் பள்ளிவாசலில் ஒரு பிற்பகல் தொழுகை. அது ளுஹரா, அஸரா என்பதில் அறிவிப்பாளரிடையே ஐயமுண்டு. நான்கு ரக்அத்கள் தொழவேண்டிய பெருமானார் (ஸல்) அவர்கள் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பின்னர் எழுந்து சென்று, பள்ளியில் இருந்த ஒரு மரக்கட்டையில் சாய்ந்து நின்றார்கள். திருமுகத்தில் சினத்தின் சாயல் தெரிந்தது. அவசரமாக வெளியேறியவர்கள், தொழுகை குறைக்கப்பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டனர். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் அங்கிருந்தனர். மரியாதை கலந்த அச்சம் அவர்களையும் வாய்திறக்க விடவில்லை.

பேசியவர் கிர்பாக் என்னும் தோழர். கைகள் நீண்டிருந்தமையால் 'துல்யதைன்', அதாவது இரு கரத்தார், என்று அழைக்கப்பட்டவர். தாங்கள் மறந்தீர்களா, அன்றித் தொழுகைதான் குறைக்கப்பட்டதா என்று அவர் வினவினார். வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. சட்டம் மாறவும் கூடும். ஆகவே அவர் குற்றம் சாட்டவில்லை. இரண்டில் எது என்றே கேட்டார். இரண்டுமில்லை என்றார்கள் அண்ணலார். ஆயினும் அவருடைய சொல்லைத் தள்ளிவிடவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, விடுபட்ட ரக்அத்களை நிறைவு செய்து, ஸலாமுக்குப் பின் இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார்கள்.

இந்நிகழ்ச்சி எப்போது நடந்தது? இங்கேதான் சட்ட அறிஞர்கள் வரலாற்றறிஞர்களாக மாறினர். இடையில் பேச்சு நிகழ்ந்தும் தொழுகை முறியவில்லையே! தொழுகையில் பேசுவது தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது இது என்றனர் ஹனஃபீ அறிஞர்கள். இரு கரத்தாரும், ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ருக் களத்தில் உயிர்நீத்த துஷ்ஷிமாலைனும் ஒருவரே என்பது அவர்களுடைய சான்று. மறுதரப்பினரோ, இதை அறிவிக்கும் அபூஹுரைரா (ரலி) கைபர் ஆண்டாகிய ஹிஜ்ரி 7இல்தான் (கி.பி. 628) மதீனாவுக்கு வந்தார், தாமும் அத்தொழுகையில் இருந்ததாகக் கூறுபவர், பத்ருக்கு முந்தியதை எவ்வாறு கண்டிருக்க இயலும் என்று கேட்டனர். துஷ்ஷிமாலைன் குஸாஆ குலத்தவர், துல்யதைன் ஸுலைம் குலத்தவர். இருவரும் வெவ்வேறானவர் என்பதே ஹதீஸ் அறிஞர் பெரும்பாலோரின் முடிவு.

மற்றொரு முறை, இரண்டாம் ரக்அத்தின் இருப்பை மறந்து எழுந்துவிட்ட பெருமானார், ஸலாமுக்கு முன்பே ஸஜ்தா செய்ததை இப்னு புஹைனா (ரலி) அறிவிக்கிறார். ஹனஃபீகள் ஸலாமுக்குப் பின்னும், ஷாஃபிஈகள் ஸலாமுக்கு முன்னும் ஸஹ்வு ஸஜ்தா செய்வதும், குறைவுக்கு முன், மிகைக்குப் பின் என்று மாலிக்கீகள் பிரிப்பதும் இத்தகைய அறிவிப்புகளை எடைபோட்டதன் விளைவே. நம் கடற்கரையூர் ஷாஃபிஈயும் உள்நாட்டு ஹனஃபீயும் ஒரே வரிசையில் நிற்கும்போது இதை நினைவிற் கொள்வது நன்று.

ஒருமுறை ளுஹரை ஐந்து ரக்அத்களாகத் தொழுதபோது, தாமும் மறக்கக்கூடிய மனிதரே என்றும், மறந்தால் நினைவூட்டுங்கள் என்றும் அண்ணலார் கூறியதாக இப்னு மஸ்ஊது (ரலி) அறிவிக்கிறார். இன்று இமாம் தவறும்போது 'ஸுப்ஹானல்லாஹ்' என்று குரல்கொடுக்க நாம் தயங்குவதுண்டு. பெரியவர்களே மௌனமாயிருந்த அந்தப் பிற்பகலில், இரு கரத்தாரும் தயங்கியிருந்தால் அத்தொழுகையின் நிலை என்னவாகியிருக்கும்?