பின்தொடரக் கற்றவனே வழிநடத்துவான்

ஆடல் என்றதும் தமிழாசிரியனாகிய எனக்கு மாதவியின் அரங்கேற்றமே முதலில் நினைவுக்கு வரும். அவ்விடத்தில் ஆடலாசானுக்கும் இலக்கணம் வகுத்தவர் இளங்கோவடிகள். இன்று நான் கூற வருவதோ கடல்கடந்த வேறோர் ஆடற்பயிற்சியின் கதை.

ஆர்ஜென்டீனாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரால் நிறைந்தது. 1914ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போது நகரத்தாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் பிறநாட்டிற் பிறந்தவர்கள். வந்தவருட் பலர் தனித்த ஆண்கள். அவர்களது ஏக்கமும் தனிமையும் கலந்து வளர்ந்ததே டாங்கோ நடனம்.

பெண்ணொருத்தி தன்னோடு ஆட இசையவேண்டுமாயின் ஆடவன் தேர்ந்தவனாக இருத்தல் வேண்டும். ஆகவே ஆண்கள் தமக்குள்ளேயே கூடிப் பயின்றனர். புதியவனை எடுத்த எடுப்பில் வழிநடத்த விடுவதில்லை என்றும், முதலிற் பல மாதங்கள் பின்தொடர்பவனாகவே ஆடினோம் என்றும் மூத்த ஆடுநர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

இதிலொரு நுட்பம் உண்டு. டாங்கோவில் முன்கூட்டியே வகுத்த அடிவரிசை இல்லை. அது அவ்வப்போது பிறப்பது. வழிநடத்துபவர் கையால் தள்ளுவதில்லை. தம் உடற்பாரத்தை மாற்றியும் மார்பைத் திருப்பியுமே குறிப்புணர்த்துவார். பின்தொடர்பவர் ஊகித்து முந்துவதில்லை. அவரது பாதம் ஊன்றி நிலைகொள்ளும்வரை மற்றவர் காத்திருத்தல் வேண்டும். முரட்டுக் குறிப்பு நிலைகுலைக்கும் என்பதைத் தன் உடம்பால் அறிந்தவனே பிறரை மென்மையாக நடத்துவான்.

1955ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியின் பின் டாங்கோ மங்கியது; இளைஞரை 'ரொக்' இசை ஈர்த்தது; அந்தப் பயிற்சிச் சங்கிலியும் அறுந்தது. 1983இல் பாரிஸில் மேடையேறிய 'டாங்கோ ஆர்ஹென்டீனோ' மீண்டும் உலகின் கவனத்தைத் திருப்பிற்று. 2009இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் மரபுரிமையாகப் பதிவுசெய்தது. இன்று பெண்களும் வழிநடத்தக் கற்கின்றனர். இரு பாத்திரங்களையும் பயில்வோர் பலர்.

நான் ஆசிரியனான புதிதில் நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் ஓயாது பேசிவிட்டு, நன்றாகக் கற்பித்தேன் என்ற நிறைவோடு வெளியேறுவேன். ஒருநாள் கடைசி வாங்கில் இருந்த மாணவன், "சேர், முதல் வரியிலேயே நான் நின்றுவிட்டேன்" என்றான். அவன் பாதம் ஊன்றுமுன் நான் அடுத்த அடியை வைத்துவிட்டேன். இன்றும் வகுப்பினுள் நுழையுமுன் அந்தக் கடைசி வாங்கைத்தான் முதலிற் பார்க்கிறேன்.