யூதப் பெண்பிள்ளைகளின் கோடைக்கால வேதப் படிப்பு

பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் யூதப் பெண்பிள்ளைகள் கோடை விடுமுறையில் வீட்டை விட்டு, பல சமயம் நாட்டை விட்டே போய், சில வாரங்கள் ஒன்றாகத் தங்கி வேதம் படிக்கிறார்கள். இன்று இந்தப் படிப்புக்கு முதன்மையான ஊர் ஜெருசலேம். ஆனால் இது வேர்பிடித்தது 1920களில், தெற்குப் போலந்தின் மலையடிவாரக் கிராமங்களில். தொடங்கி வைத்தவர் தையல் வேலை செய்து பிழைத்த சாரா ஷெனீரர் என்ற பெண்மணி.

மதுரைக் கோரிப்பாளையத்து வாசகருக்கு இதில் பாதி பழகிய சங்கதிதான். முழுஆண்டுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை இஸ்லாமியச் சமயம் கற்பிக்கும் தீனியாத் வகுப்புக்கு அனுப்பும் வீடுகள் உண்டு, வி.பி.எஸ். என்ற கிறிஸ்தவ விடுமுறை வேதப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளும் உண்டு. மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும், சற்றுத் தள்ளி 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் இருக்கும் வட்டாரம் இது. ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு?’ என்ற கேள்வியைத் தாண்டி வந்த ஊர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் இருந்தது. பெண் பள்ளிக்கூடம் போகலாம். வேதம் மட்டும் எதற்கு?

அன்று ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த கலீசியாவில், அதாவது கிராக்கூ நகரம் இருந்த பகுதியில், கட்டாயக் கல்விச் சட்டம் இருந்தது. பக்தியுள்ள குடும்பங்கள் ஆண்பிள்ளைகளை எப்படியோ அதிலிருந்து விலக்கி வேதப் பாடசாலைக்கு அனுப்பின. பெண்பிள்ளைகளைப் போலந்துப் பள்ளிக்கு அனுப்பின. விளைவு, ஒரே வீட்டில் அண்ணன் தல்மூத் என்ற சமயச் சட்ட நூல் படித்தான், தங்கை போலிஷ் நாவல் படித்தாள். தகப்பனின் உலகம் மகளுக்கு அந்நியமாயிற்று. மகளுக்குத் தோரா எனும் வேதத்தைக் கற்பிப்பது தகாது என்ற பழைய கருத்து தல்மூதிலேயே இருப்பதால், இதை மாற்றப் பெரியவர்கள் தயங்கினார்கள். 1903இல் கிராக்கூவில் கூடிய ரபிகள் என்ற யூத மதகுருக்களின் மாநாட்டில் பெண்களுக்குச் சமயப் பள்ளி வேண்டும் என்ற யோசனை எழுந்தது. சபை அதை ஏற்கவில்லை.

எல்லா யூதர்களும் அப்படி இருக்கவில்லை என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கொச்சி யூதர்கள் பெண்பிள்ளைகளுக்கும் எபிரேயம் கற்றுக்கொடுத்தார்கள். வேதக் கதைகளை மலையாளப் பாட்டாக நோட்டுகளில் எழுதிவைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னிலையிலேயே பெண்கள் பாடினார்கள். ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் அந்தப் பாட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து ‘கார்குழலி’ என்ற தொகுப்பை 2005இல் வெளியிட்டார்கள். கிராக்கூ ரபிகள் தயங்கி நின்ற விஷயம் அரபிக்கடல் ஓரத்தில் அன்றாட வழக்கமாக இருந்திருக்கிறது.

சாரா ஷெனீரர் 1883இல் கிராக்கூவில் ஹசீதியம் என்ற யூத பக்தி மரபைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் இடுப்பளவுக்கும் கைநீளத்துக்கும் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை உள்ளத்துக்குக் காட்டக் கூடாதா என்று அவர் ஏங்கினார். முதல் உலகப் போர் அவரை வியன்னாவுக்கு விரட்டியது. அங்கே ஜெப ஆலயமொன்றில், ஹனுக்கா பண்டிகையின்போது, யூதித் என்ற வீரப்பெண்ணைப் பற்றி ரபி பிளெஷ் ஆற்றிய பிரசங்கத்தைக் கேட்டார். இதை நம் ஊர்ப் பெண்கள் கேட்க வேண்டாமா என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்.

முதல் முயற்சி பலிக்கவில்லை. வளர்ந்த பெண்களைக் கூட்டிப் பேசிப் பார்த்தார், அவர்கள் மசியவில்லை. சின்னப் பிள்ளைகளிடமிருந்து ஆரம்பிப்பது என்று முடிவெடுத்து, ஹசீதியத் தலைவரான பெல்ஸ் ஊர் ரெப்பேயின் ஆசியைப் பெற்று, 1917இல் 25 சிறுமிகளோடு ‘பெய்ஸ் யாக்கோவ்’ பள்ளியைத் தொடங்கினார். தைத்த கை, பாடம் எழுதவும் தொடங்கியது. பிள்ளைகள் நடிக்க நாடகங்களையும் அவரே எழுதினார்.

பள்ளி பரவியது. ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கேட்டார்கள்; அனுப்ப ஆசிரியைகள் இல்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களையே ஆசிரியைகளாக அனுப்ப வேண்டி வந்தது. அவர்களைத் தயார்செய்ய நேரம் கிடைத்தது கோடையில் மட்டும்தான். இப்படித்தான், தட்டுப்பாட்டிலிருந்து கோடைப் படிப்பு பிறந்தது. வைதீக யூதர்களின் அகுதத் இஸ்ராயேல் இயக்கம் பள்ளிகளுக்குக் கைகொடுக்க முன்வந்தபின், அதன் சார்பில் லியோ டாய்ச்லாண்டர் என்ற கல்வியாளர் இதற்குத் திட்டம் வகுத்தார். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் வளர்ந்த யூதித் ரோசன்பாம் என்ற இருபது வயதைச் சற்றே கடந்த பெண் கற்பிக்க வந்தார். பின்னாளில் லண்டனில் யூதித் குருன்பெல்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற கல்வியாளர் இவர்.

ரப்கா, யோர்தனூவ் போன்ற மலையூர்களில் விவசாயிகளின் வீடுகளை வாடகைக்குப் பிடித்தார்கள். பிள்ளைகள் படுத்தது வைக்கோல் அடைத்த சாக்கில். வானம் நன்றாக இருந்தால் மரத்தடியில் வகுப்பு. ஒரு பக்கம் ஜெர்மன் கல்லூரி முறையில் உளவியலும் கற்பிக்கும் கலையும். மறுபக்கம் ஷெனீரரின் ஜெபமும், சங்கீதங்களும், ஓய்வுநாள் மாலையின் பாட்டும், கைகோத்து ஆடும் வட்ட நடனமும். வீட்டில் தாயின் ஜெபப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க மட்டுமே வாய்த்திருந்த பெண், இங்கே அதன் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டாள். விடுமுறை முடிந்து தனியாக ஓர் ஊருக்கு ரயிலேறி, முப்பது நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் நின்றாள்.

ஆன்மிக வளர்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஒன்று இங்கே எப்படி நடந்தது என்று பார்க்க முடிகிறது. பாடம் ஒரு பங்குதான். வீட்டிலிருந்து விலகியிருப்பது, ஒத்த வயதுத் தோழிகள் கூட இருப்பது, தன்னைவிடச் சில வயதே மூத்த ஆசிரியை கிடைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்றதைப் பிறருக்குக் கொடுக்கும் பொறுப்பு: இவை சேர்ந்துதான் அந்தப் பெண்களை மாற்றின. இத்தனை சின்ன வயதில் இவ்வளவு நம்பி ஒப்படைத்த சமய இயக்கங்கள் குறைவு.

எதிர்ப்பும் இருந்தது. ஆனால் ஹஃபேத்ஸ் ஹயீம் என்ற பெயரால் அறியப்பட்ட முதுபெரும் ரபி, காலம் மாறிவிட்டது, பெண்களுக்குக் கற்பிப்பது இப்போது கடமை என்று வாதிட்டார். 1933இல் பெய்ஸ் யாக்கோவை ஆதரித்துக் கடிதமும் எழுதினார். கிராக்கூவில் ஆசிரியைப் பயிற்சிக்கென்றே எழுப்பிய கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. ஷெனீரர் 1935இல் புற்றுநோயால் இறந்தார். 1937இல் போலந்தில் சுமார் 250 பள்ளிகளும் 35,000க்கு மேற்பட்ட மாணவிகளும் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றார்கள். ஷெனீரரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தின் மேலேயே பிளாஷூவ் வதைமுகாமைக் கட்டினார்கள்.

முன்பே வெளிநாடு போயிருந்தவர்களாலும் தப்பியவர்களாலும் மரபு மீண்டது. ஷெனீரரின் மாணவி விக்னா கப்லான் நியூயார்க்கின் புரூக்ளினில் பயிற்சிப் பள்ளியைக் கட்டியெழுப்பினார். ஜெருசலேமில் 1964இல் மிக்லலா என்ற பெண்கள் கல்லூரியும், சமயப் பின்னணி இல்லாமல் வளர்ந்த பெண்களுக்காக 1970இல் நெவே யெருஷலாயிமும் வந்தன. 1967இன் அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு அமெரிக்க யூத இளைஞர்கள் இஸ்ரேலுக்கு வருவது பெருகியது. 1954இல் தொடங்கிய என்.சி.எஸ்.ஒய். என்ற இளைஞர் அமைப்பு இன்று நடத்தும் கோடைத் திட்டங்களில், பெண்பிள்ளைகளின் வேதப் படிப்புக்கென்றே ‘மிக்லேலெத்’ இருக்கிறது.

இத்தகைய வகுப்பில் அமைதியை எதிர்பார்த்துப் போகிறவர் திகைத்துப் போவார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரு வசனத்தையும் அதற்கு 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி எழுதிய உரையையும் வைத்துக்கொண்டு, சத்தமாக வாதாடுவார்கள். ஒருத்தி வாசிப்பாள், மற்றவள் மறுப்பாள். மதியத்துக்கு மேல் அதே வசனத்தில் வரும் மலைக்கோ ஊற்றுக்கோ நடந்து போவார்கள். வெள்ளி மாலை ஜெருசலேமின் புனித இடமான மேற்குச் சுவரருகே ஓய்வுநாளை வரவேற்பார்கள்.

திரும்பி வந்தபின் என்ன ஆகிறது என்பதே பெற்றோரின் கவலை. மகள் உடுத்துவதும் உண்பதும் மாறிவிட்டால் வீட்டில் சச்சரவு. மாறாவிட்டால் பணம் வீண் என்ற முணுமுணுப்பு. இஸ்ரேலில் ஓராண்டு படித்துத் திரும்பும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் காணும் இந்த மாற்றத்தை ஆராய்ந்து, ஷாலோம் பெர்கரும் வேறு இருவரும் சேர்ந்து 2007இல் ஒரு நூலே எழுதினார்கள்.

இந்தக் கவலைக்கு வெகுமுன்பே உருப்படியான வழி கண்டவர் நெகாமா லைபோவிட்ஸ். 1905இல் ரீகாவில் பிறந்து, ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, 1930இல் ஜெருசலேமில் குடியேறியவர். 1942இல் அவரிடம் குறுகிய காலம் படித்த கூட்டுப்பண்ணைப் பெண்கள், ஊர் திரும்பும்போது படிப்பைத் தொடர வழி கேட்டார்கள். அந்தந்த வார வேதப் பகுதிக்குக் கேள்வித்தாள் தயாரித்துத் தபாலில் அனுப்பினார். செய்தி பரவி, சிப்பாய்களும் தாதிகளும் வியாபாரிகளும் கேட்டு எழுதினார்கள். வந்த பதில்களைத் தம் கையாலேயே திருத்தித் திருப்பி அனுப்பினார். 1956இல் அவருக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. கேள்வித்தாள்கள் 1971வரை வாராவாரம் வந்தன. அதே போல, கோடையில் சேர்ந்து படித்த தோழிகள் இன்று ஊர் திரும்பியபின் வாரத்தில் ஒரு நேரம் குறித்துக்கொண்டு போனிலேயே ஜோடியாகப் படிக்கிறார்கள்.